வீட்டுக் கம்ப்யூட்டரில் விளம்பரத் தொல்லை: கையால் எடுப்பதா, ஸ்கேன் போடுவதா, கடைக்குக் கொடுப்பதா, விண்டோஸையே மாற்றுவதா?

ரங்கூனில் தமிழர் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பற்றி என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "தொறந்தாலே கண்ட கண்ட விளம்பரமா வருது தம்பி. கடையில குடுத்து விண்டோஸ் மாத்திடட்டுமா?" கேட்பவர் ஃபேஸ்புக்கில் புடவை விற்கும் அக்காவாக இருக்கலாம், கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மாமாவாக இருக்கலாம். விண்டோஸ் மாற்றுவதுதான் வைத்தியம், மற்றதெல்லாம் வீண் வேலை என்ற முடிவு கேள்விக்குள்ளேயே இருக்கிறது. சில கம்ப்யூட்டர்களுக்கு அது சரிதான். வேறு சிலவற்றில், இரண்டு கிளிக்கில் போகிற தொல்லைக்காகப் பல வருடக் கணக்கு வழக்கைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்.

நம் கையில் இருக்கும் வழிகள் ஐந்து. கையால் தேடி எடுப்பது, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை ஓடவிடுவது, வெளியிலிருந்து இன்னொரு ஸ்கேனர் இறக்குவது, கடைக்குக் கொடுப்பது, விண்டோஸைப் புதிதாகப் போடுவது. விளம்பரம் எத்தனை வருகிறது என்பதை வைத்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

வந்த வாசல். முதல் வாசல் பிரவுசர். சீரியல் பார்க்கப் போன தளம் "அலோ அழுத்தினால்தான் படம் ஓடும்" என்றது, அழுத்திவிட்டோம். அல்லது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் செயலியான எக்ஸ்டென்ஷன் ஏதோ ஒன்றைச் சேர்த்தோம். இரண்டாம் வாசல், இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு மென்பொருள். பி.டி.எஃப். மாற்றித் தருவது, வீடியோ இறக்கித் தருவது, டிரைவர் அப்டேட் செய்வது என்று ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனதில் கூடவே நுழைந்தது. மூன்றாம் வாசல் கிராக். விண்டோஸையும் ஆஃபீஸையும் ஃபோட்டோஷாப்பையும் காசில்லாமல் திறந்துவிடும் ஆக்டிவேட்டர்கள் எல்லாம் இந்த வகை.

மின்சாரமும் டேட்டாவும். முறை வைத்து மின்சாரம் வரும் ஊரில், பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதை வைத்தே ஒரு வழியை மதிப்பிட வேண்டும். சிம் டேட்டாவில் ஓடும் வீட்டுக்கு 10 எம்.பி.க்கும் 5 ஜி.பி.க்கும் உள்ள தூரம் பெரிய தூரம்.

போனால் வராதது. குடும்பப் படங்கள், பில்கள், பிள்ளைகளின் பாடக் கோப்புகள் எல்லோருக்கும் நினைவு வரும். எழுத்துருக்கள் யாருக்கும் நினைவு வராது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

திறந்தே கிடக்கும் கணக்குகள். அந்த பிரவுசரில் ஃபேஸ்புக் பக்கத்தின் அட்மின் கணக்கோ வியாபார மின்னஞ்சலோ லாகின் ஆகியிருந்தால், விளம்பரத் தொல்லை என்று பேசிக்கொண்டிருக்கும் விஷயம் பிழைப்பு சம்பந்தப்பட்டதாகிவிடும்.

விண்டோஸ் உரிமம். லேப்டாப் வாங்கும்போதே உரிமத்தோடு வந்ததா, கடைப் பையன் ஆக்டிவேட் செய்து கொடுத்ததா? இதற்கு விடை தெரியாமல் ஐந்தாம் வழிக்குப் போகவேண்டாம்.

## வி.பி.என். எந்த வாசலில் சேரும்?

2021 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தடுக்கப்பட்டதிலிருந்து, தடுத்த தளத்தைச் சுற்றுவழியில் திறந்துவிடும் வி.பி.என். இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரை இங்கே தேடித்தான் பார்க்கவேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்ற பக்கம் நான் போகவில்லை. அழுக்கு எங்கிருந்து சேருகிறது என்ற கணக்கில் மட்டும் பார்க்கிறேன். அந்தக் கணக்கில், இங்கே நான் பார்க்கும் தொல்லைகளில் பெரும்பங்கு இலவச வி.பி.என். பெயரில்தான் வருகிறது.

2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற வலையை முடக்கியது. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., பாலடின் வி.பி.என்., ஷீல்ட் வி.பி.என்., ஷைன் வி.பி.என்., ப்ராக்ஸிகேட் என்ற இலவசச் செயலிகள் வழியாகப் பரவிய வலை அது. 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. நிறுவியவருக்கு வி.பி.என். ஒழுங்காகவே வேலை செய்தது. அவருடைய இணைப்பை மட்டும் பின்னாலிருந்து யாரோ வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் மோசடிக்காரர்கள் உலவினார்கள். விளம்பரம் காட்டித் தன்னைக் காட்டிக்கொடுக்கவேண்டிய அவசியமே அதற்கு இல்லை. அதற்கும் முன்பு, 2015இல், ஹோலா என்ற பிரபல இலவச வி.பி.என். தன் பயனர்களின் இணைப்பை வேறு நிறுவனங்களுக்கு விற்றுவந்தது வெளியே வந்தது.

ஆகவே என் கணக்கு இது. பிரவுசர் கடையிலிருந்து சேர்த்த வி.பி.என். எக்ஸ்டென்ஷன் என்றால் முதல் வாசல். பெயர் தெரிந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கிய இலவசச் செயலி என்றால் இரண்டாம் வாசல். டெலிகிராம் குழுவில் யாரோ அனுப்பிய ஃபைல், யாருடையது என்றே தெரியாத செயலி என்றால் கிராக்குக்குச் சமமாக மூன்றாம் வாசலில் வைத்துவிடுங்கள். மேலே சொன்ன ஆறு பெயர்களில் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தாலும் அப்படித்தான்.

## 1. கையால் தேடி எடுப்பது

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பி வரும். தெரிந்த ஆன்டிவைரஸ் சின்னம் ஒன்று, "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று ஒரு வாசகம். எல்லோரும் சின்னத்தைத்தான் பார்க்கிறார்கள். அதன் அருகே சின்னச் சாம்பல் எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். அதில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், வாயில் நுழையாத ஒரு தள முகவரியும் இருந்தால், உங்கள் கம்ப்யூட்டரில் எதுவுமே நுழையவில்லை. அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப நீங்கள் கொடுத்த அனுமதிதான் இப்படி வந்து நிற்கிறது. பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ். 'அலோ' பட்டியலில் தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்கினால் தொல்லை அந்த நொடியே நிற்கும். டேட்டா செலவு பூஜ்யம். "வைரஸ் பிடிச்சிடுச்சு" என்று கலங்கிப்போன வீடுகளில் கணிசமானவற்றுக்கு நோய் இவ்வளவுதான்.

அது இல்லையென்றால் அடுத்து எக்ஸ்டென்ஷன்கள். நீங்கள் சேர்த்ததாக நினைவில்லாததை எடுத்துவிடுங்கள். எடுக்கவே விடாமல் இருந்தால் பிரவுசரின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு மென்பொருள் விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கட்டளை எழுதிவைத்து அந்த எக்ஸ்டென்ஷனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அப்போது கையை எடுத்துவிட்டு மூன்றாம் வழிக்குப் போங்கள். ரெஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர் கைவைக்கவேண்டாம்.

இரண்டாம் வாசல் தொல்லைக்கு, ஆப்ஸ் பட்டியலை இன்ஸ்டால் செய்த தேதிப்படி அடுக்கிப் பார்ப்பது நல்ல உபாயம். தொல்லை தொடங்கிய நாள் ஓரளவு நினைவிருக்கும். அந்த நாளில் மூன்று நான்கு பெயர்கள் கூட்டமாக நிற்கும், நீங்கள் கேட்டு வாங்கியது அதில் ஒன்றாக இருக்கும். பெயரைப் பார்த்து மட்டும் பயந்து எடுக்கக்கூடாது. ரியல்டெக் என்று இருந்ததை வைரஸ் என்று நினைத்து நீக்கிவிட்டு, ஸ்பீக்கர் போய்விட்டது என்று வந்தவர் உண்டு.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. எடுத்த பிறகு இணையமே வராமல் போகலாம். வி.பி.என். செயலியும் ஆட்வேர் என்னும் விளம்பர மென்பொருளும் இணைய வழியைத் தங்கள் பக்கம் திருப்பிவைக்கும், ஆள் போனபின் வழி மட்டும் திரும்பியபடியே இருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸில் ப்ராக்ஸி என்ற இடத்துக்குப் போய் 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' என்பதை அணைத்தால் பெரும்பாலும் சரியாகும். இன்னொன்று டெஸ்க்டாப்பில் இருக்கும் பிரவுசர் ஐகான். அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' வரியின் கடைசியில் ஒரு தள முகவரி ஒட்டியிருந்தால், எத்தனை முறை ஹோம் பேஜை மாற்றினாலும் அதுவே திறக்கும்.

பழைய யோசனைகள் பல, குரோமுக்குள் இருக்கும் துப்புரவுக் கருவியை ஓட்டச் சொல்லும். அதை 2023 மார்ச்சில், குரோம் 111ஆம் பதிப்போடு, கூகுள் எடுத்துவிட்டது. தேடி அலையவேண்டாம்.

முதல் வாசலுக்கு இந்த வழியே போதும், இரண்டாம் வாசலுக்கு இதுவே தொடக்கம். மூன்றாம் வாசலுக்கு உதவாது.

## 2. விண்டோஸ் டிஃபெண்டர்

காசு இல்லை, தனியாக இறக்கவேண்டியதும் இல்லை. ஆனால் ஸ்கேன் பொத்தானைத் தொடுவதற்கு முன் ஒரு இடத்தைப் பார்க்கவேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு, அதன் 'மேனேஜ் செட்டிங்ஸ்', அதன் கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. இங்கே எழுதியிருக்கும் இடங்களை டிஃபெண்டர் சோதிக்காது. ஒரு லேப்டாப்பில் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: சி டிரைவ், முழுசாக. ஆக்டிவேட்டர் ஓட்டியவர் அது பிடிபடாமல் இருக்கச் செய்துவைத்த ஏற்பாடு. அந்த வீட்டுக்காரர் வாரம் தவறாமல் ஸ்கேன் போட்டு, "ஒண்ணும் இல்ல, சுத்தம்" என்று நிம்மதியாக இருந்தார். கிராக் போட்ட கம்ப்யூட்டரில் பச்சை டிக்கை நம்பவே முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பட்டியலில் நீங்கள் சேர்க்காத வரி ஏதாவது இருந்தால் நீக்கிவிட்டு ஸ்கேன் போடுங்கள். அப்படி ஒரு வரி இருந்ததே மூன்றாம் வாசலுக்கு அத்தாட்சி என்பதையும் மனதில் வையுங்கள்.

வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் வேண்டாத மென்பொருள்களைத் தடுக்கத் தனி விசை ஒன்று இருக்கிறது. 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' என்ற பகுதியில், 'ரெப்யூட்டேஷன்' என்று தொடங்கும் பிரிவில். 2021 ஆகஸ்டிலிருந்து மைக்ரோசாஃப்ட் இதைத் தானாகவே இயக்கிவிடுகிறது, ஆனாலும் அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டர்கள் உண்டு.

முழு ஸ்கேன் பழைய ஹார்ட் டிஸ்கில் மணிக்கணக்கில் இழுக்கும், மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து. அதைவிட 'ஆஃப்லைன் ஸ்கேன்' நம் ஊருக்குத் தோதானது. கம்ப்யூட்டரை மூடித் திறந்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிக்கும். ஏறக்குறைய 15 நிமிடம். பெயர் ஆஃப்லைன் என்றாலும் அதற்கு முன் டிஃபெண்டரின் பட்டியலை அப்டேட் செய்துகொள்ளவேண்டும். பல மாதம் விட்டுப்போயிருந்தால் அதுவே 100 எம்.பி.க்கு மேல் இழுக்கும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. விண்டோஸின் ஓட்டைகளை அந்தப் பட்டியல் அடைக்காது.

## 3. வெளியிலிருந்து இன்னொரு ஸ்கேனர்

ஆட்வேருக்கென்றே செய்த கருவி ஆட்வ்கிளீனர். 2016இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கியது. இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், அளவு மிகச் சிறியது, சில நிமிடத்தில் வேலை முடியும். பிரவுசரைப் பிடித்துவைத்திருக்கும் கட்டளைகள், ஐகானில் ஒட்டிய முகவரிகள் போன்றவற்றைத் தேடுவதுதான் அதன் பிழைப்பே. டேட்டா இறுக்கமான வீட்டுக்கு என் முதல் சிபாரிசு இது. எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட்டும் இன்ஸ்டால் வேண்டாத கருவி. அது ஆழமாகத் தேடும், ஆனால் இறக்கவேண்டிய அளவு பெரியது. ஈசெட் ஆன்லைன் ஸ்கேனர் இடைப்பட்டது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். முதலாவது, இறக்குமிடம். தேடலில் மேலே நிற்பது பெரும்பாலும் விளம்பரம். ஆட்வேரை நீக்கப் போனவர் ஆட்வேரை இறக்கிக்கொண்டு வருவது அப்படித்தான். நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் இறக்கவேண்டாம். விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் வைத்துக்கொள்ளும்படி 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே பொதுமக்களுக்குச் சொன்னதற்கு, தேடல் விளம்பரங்களில் நடக்கும் இந்த ஆள்மாறாட்டம்தான் காரணம். இரண்டாவது, மால்வேர்பைட்ஸின் முழு மென்பொருளை இன்ஸ்டால் செய்தால் 14 நாள் பிரீமியம் சோதனையோடு தொடங்கும். அந்த நாட்களில் அது முன்னே வந்து நின்று டிஃபெண்டரை ஒதுக்கிவைக்கலாம். ஸ்கேன் முடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சோதனையை அணைத்துவிடுங்கள். இரண்டு மூன்று ஆன்டிவைரஸை ஒன்றாக ஓடவிட்டால், ஆட்வேர் செய்ததைவிட மோசமாகக் கம்ப்யூட்டர் மந்தமாகும்.

"உங்கள் கணினியில் 1,400 பிழைகள்" என்று கணக்குச் சொல்லி, சரிசெய்யக் காசு கேட்கும் 'கிளீனர்', 'பூஸ்டர்' வகையறா இந்தக் கணக்கில் சேராது. நீக்கவேண்டியவற்றின் பட்டியலில்தான் அவை வரும்.

## 4. கடைக்குக் கொடுப்பது

கடைப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. சீக்கிரம் வேண்டும், காசு குறைவாக இருக்கவேண்டும் என்று கேட்கிறோம், அதைத்தான் செய்துதருகிறார்கள். சீக்கிரமாகவும் மலிவாகவும் செய்ய ஒரே வழி, ஏற்கெனவே தயார் செய்து வைத்த விண்டோஸ் பிரதியை அப்படியே ஊற்றிவிடுவது. அதில் ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், பர்மிய எழுத்துரு, வி.பி.என்., ஆக்டிவேட்டர் எல்லாம் ஒன்றாக இருக்கும். அந்தப் பிரதியில் ஒரு அழுக்கு இருந்தால் அது போகும் வீடெல்லாம் போகும். டிஃபெண்டர் பகுதியில் சொன்ன 'சி டிரைவ் முழுசாக' என்ற வரியும் அப்படி ஒரு பிரதியில் வந்ததுதான். தொல்லை போகிறது, மூன்றாம் வாசல் திறந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

"டி டிரைவ்ல இருக்கறது போகாது அண்ணே" என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப்பிலும் டாக்குமெண்ட்ஸிலும் இருப்பது சி டிரைவில். பில் எல்லாம் டெஸ்க்டாப்பில்தானே வைத்திருக்கிறோம்? கொடுப்பதற்கு முன் நீங்களே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக், மின்னஞ்சல், டெலிகிராம் எல்லாவற்றிலிருந்தும் லாக் அவுட் செய்துவிட்டுக் கொடுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அப்படியே யாரோ ஒருவர் மேசையில் இரண்டு நாள் கிடக்கப் போகின்றன.

கடைதான் சரி என்ற நிலையும் உண்டு. கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை, ஹார்ட் டிஸ்கில் டக் டக் என்று சத்தம், வீட்டில் இணையமே இல்லை என்றால் யோசிக்கவேண்டாம். அப்போதும் "மைக்ரோசாஃப்டிலிருந்து இறக்கிய விண்டோஸைப் போடுங்க, ஆக்டிவேட்டர் வேண்டாம், வேற எந்த சாஃப்ட்வேரும் போடாதீங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடக் கொஞ்சம் காசு கேட்டால் கொடுக்கலாம், அது நியாயமான காசு.

## 5. விண்டோஸைப் புதிதாகப் போடுவது

செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் 'ரீசெட் திஸ் பி.சி.' இருக்கிறது. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் கோப்புகள் நிற்கும், நீங்கள் இன்ஸ்டால் செய்த மென்பொருள்கள் போகும், போனவற்றின் பட்டியல் ஒன்று டெஸ்க்டாப்பில் இருக்கும். 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்தால் எல்லாம் போகும். அப்போது விண்டோஸ் இருக்கும் டிரைவ் மட்டுமா, எல்லா டிரைவுமா என்ற தேர்வைக் கண்ணைத் திறந்து பாருங்கள்.

அடுத்து, 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' வேண்டுமா 'கிளவுட் டவுன்லோட்' வேண்டுமா என்று கேட்கும். லோக்கல் என்றால் டேட்டா செலவில்லை, ஆனால் இருக்கிற கோப்புகளை வைத்தே மறுபடி கட்டும். கடைப் பிரதி போட்ட கம்ப்யூட்டரில் அந்தக் கோப்புகளை நம்பி எப்படிக் கட்டுவது? கிளவுட் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ஆகலாம் என்று திரையிலேயே சொல்லும். மூன்றாம் வாசலுக்கு நான் சொல்வது வேறு. நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில், சுத்தமான இன்னொரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் கருவியால் 8 ஜி.பி. யு.எஸ்.பி. ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒரு முறை இறக்கினால் சொந்தக்காரர் நான்கு வீட்டுக்கு உதவும்.

பாதியில் மின்சாரம் போனால் இந்த வழி மட்டும்தான் கம்ப்யூட்டரை எழும்பாமலே போட்டுவிடும். பேட்டரி நல்ல நிலையில் உள்ள லேப்டாப்பையும் சார்ஜரில் போட்டே செய்யவேண்டும். யு.பி.எஸ். இல்லாத டெஸ்க்டாப் என்றால் மின்சாரம் வந்த முதல் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், முறை முடியப் போகும்போது தொடங்காதீர்கள்.

இனி எழுத்துரு. பர்மிய எழுத்து 2019 அக்டோபர் 1இல் யூனிகோடு என்ற பொது எழுத்துமுறைக்கு மாறியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு முந்தைய பில்களும் விலைப்பட்டியல்களும் இன்னும் ஜோஜி என்ற பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன. அச்சுக்குக் கொடுத்தவை வின் இன்வா என்ற எழுத்துருவில். தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என்றால் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில். விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் கோப்பு பத்திரமாக இருக்கும், திறந்தால் பூச்சி பூச்சியாக எழுத்து நிற்கும். போன வருட அன்னதானக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "வைரஸ் இன்னும் போகல" என்று மறுபடி கடைக்கு ஓடியவரை எனக்குத் தெரியும். செய்யவேண்டியது எளிது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருப்பதைத் திறந்து, இந்தப் பழைய எழுத்துருக்களை முன்கூட்டியே யு.எஸ்.பி.யில் பிரதி எடுத்துவிடுங்கள். கீமேஜிக் போன்ற தட்டச்சுக் கருவியையும் பிறகு அதன் சொந்த இடத்திலிருந்து இறக்கிப் போடவேண்டியிருக்கும். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளிலேயே இருக்கிறது, அதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை.

உரிமத்தோடு வந்த லேப்டாப் என்றால் அதே விண்டோஸ் பதிப்பைப் போட்டு இணையத்தில் சேர்த்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் ஆக்டிவேட் செய்தது என்றால் ஆகாது. மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்ற எழுத்து நிற்கும், பின்னணிப் படத்தை மாற்ற விடாது. டிஃபெண்டரும் அப்டேட்டும் அப்படியும் ஓடும். அந்த எழுத்து உறுத்துகிறதே என்று மறுபடி ஆக்டிவேட்டரைத் தேடினால் இத்தனை வேலையும் வீண். உரிமம் வாங்க முடியாது, கம்ப்யூட்டரும் விண்டோஸ் 11 ஏற்காத பழசு, வேலையெல்லாம் பிரவுசரில்தான் என்றால் லினக்ஸ் மின்ட் போடுவது நியாயமான யோசனை. இலவசம், கிராக் தேவையே இல்லை. கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸை விட்டு வராது என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

## ஒரு பார்வையில்

| வழி | டேட்டா | நேரம் | பாதியில் மின்சாரம் போனால் | எந்த வாசலுக்கு |
|---|---|---|---|---|
| கையால் | இல்லை | சில நிமிடம் முதல் ஒரு மணி வரை | ஒன்றும் ஆகாது | முதல். இரண்டாவதற்குத் தொடக்கம் |
| டிஃபெண்டர் | அப்டேட் மட்டும் | ஆஃப்லைன் 15 நிமிடம். முழு ஸ்கேன் மணிக்கணக்கு | மறுபடி முதலிலிருந்து | இரண்டு |
| வெளி ஸ்கேனர் | கருவியைப் பொறுத்து | சில நிமிடம் முதல் சில மணி வரை | மறுபடி ஓட்டவேண்டும் | இரண்டு. பிடிவாதமான முதல் |
| கடை | இல்லை | ஒன்றிரண்டு நாள் | அவர்கள் பாடு | எழும்பாத கம்ப்யூட்டர் |
| புதிதாக | 4 ஜி.பி.க்கு மேல் | அரை நாள் ஒதுக்குங்கள் | எழும்பாமல் போகலாம் | மூன்று |

## எதில் தொடங்குவது

வாசல் தெரியவில்லை என்றால் முதல் மூன்று வழிகளையும் அதே வரிசையில் செய்யுங்கள். ஆட்வ்கிளீனர் ஓட்டி, ஆஃப்லைன் ஸ்கேனும் போட்ட பிறகு ஒரு வாரம் பார்க்கலாம். அதற்குள் எடுத்ததே திரும்பி வந்தால் அதற்குமேல் மல்லுக்கட்டவேண்டாம், ஐந்தாம் வழிதான். திரும்பி வந்தது எக்ஸ்டென்ஷன் மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். கணக்கில் சேமித்ததை எல்லாக் கருவிக்கும் கொண்டுபோகும் கூகுள் கணக்கின் சிங்க் அதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம். விண்டோஸையே மாற்றியவர்களுக்கும் இது நடக்கும், லாகின் செய்த கணமே பழைய எக்ஸ்டென்ஷன் வந்து உட்காரும். சிங்க் செட்டிங்ஸில் எக்ஸ்டென்ஷன்களை விலக்கிவிட்டு, எல்லா இடத்திலும் அதை நீக்கிய பிறகு மறுபடி சேருங்கள்.

மூன்றாம் வாசல் என்று உறுதியானால் விளம்பரம் வருகிறதா இல்லையா என்பதே பேச்சில்லை. கிராக்குகளோடு வருபவற்றில் பாஸ்வேர்டு திருடிகள் உண்டு. லம்மா என்ற ஒன்று 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையான இரண்டு மாதத்தில் மட்டும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. இவை பாஸ்வேர்டோடு, லாகின் ஆகியிருக்கும் அடையாளத்தையும் பிரவுசரிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். அதனால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது, "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற பொத்தானையும் அழுத்தவேண்டும். அழுக்கான கம்ப்யூட்டரில் இருந்துகொண்டு இதைச் செய்தால் புதிய பாஸ்வேர்டும் அதே வழியில் போகும். விண்டோஸை மாற்றும் நேரத்துக்காகக் காத்திருக்காமல், ஃபோனில் இருந்தே முதலில் மின்னஞ்சல், அடுத்து ஃபேஸ்புக், பிறகு மற்றவை. ஃபேஸ்புக் பக்கத்தின் அட்மின் பட்டியலில் தெரியாத பெயர் சேர்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். புடவை விற்கும் அக்காவுக்குக் கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம், பல வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்களோடு அந்தப் பக்கம் போனால் மீட்பது கடினம்.